இந்தப் பள்ளம் யாருடையது?

2024 ஜனவரி, பொங்கல் லீவு முடிந்த வாரம். தபால்காரர் ஒரு கவரை என் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"என்னப்பா, கையெழுத்துப் போட்டாச்சே?"

"பிரிங்க சார். எனக்கும் தெரியணும் இல்ல? ஏழு மாசமா நானும்தானே தூக்கிட்டு அலையறேன்!"

நியாயம்தான். பிரித்தேன். நாலே வரி. 'பார்வையில் காணும் தங்கள் மனு, உரிய நடவடிக்கைக்காகக் கீழ்க்கண்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. மேற்படி விவரங்களை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.' எந்த அலுவலகம் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். ஏழு மாதத்துக்கு முன்னால் முதன்முதலாக எந்த அலுவலகத்துக்கு மனுவைப் போட்டேனோ, சாட்சாத் அதே அலுவலகம்!

நாலு ஆபீஸ் சுற்றி நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டது மனு. ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜருக்குத் தேர் இழுப்பார்கள். அது காலையில் கிளம்பினால் வீதி சுற்றி அன்றைக்கே நிலைக்கு வந்துவிடும். வடம் பிடிக்க ஆள் இருக்கிறது, அதனால்.

விஷயம் என்னவென்று கேட்கிறீர்களா? ஒரு பள்ளம். அகலம் இரண்டே முக்கால் அடி, ஆழம் இடுப்பளவு. அவ்வளவுதான்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் கிராமம். பெயர் வேண்டாம். எழுதினால் நாளைக்கு ரேஷன் கடை க்யூவில் நான் நிற்க முடியாது. எங்கள் தெரு போய் பெரிய ரோட்டைத் தொடுகிற இடத்தில், தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு மழைநீர்க் கால்வாய். அதன் மேல் கிடந்த சிலாப் ஒரு நாள் ஜல்லி லாரி ஏறி இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்துவிட்டது. நமக்கென்ன, கை கால் நன்றாக இருக்கிறவர்கள் ஒரு தாண்டு தாண்டிவிடுகிறோம். பையன்கள் பைக்குக்கு ஒரு பலகையைப் போட்டுக்கொண்டார்கள்.

டெய்லரக்காவால் தாண்ட முடியாது.

குழந்தையில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவர். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். மோட்டார் மாட்டிய மிஷினில் தைக்கிறார். கம்பெனிக்குப் போகிற பெண்களின் சுடிதார் பாதி அவர் கையில் பிறந்தவை. போக வர சைடு வீல் வண்டி. அரசாங்கக் காகிதத்தில் அதற்கு 'இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர்' என்று பெயர். அந்தப் பெயர் அளவுக்கு வண்டியும் நீளமாக இருந்திருந்தால் பள்ளத்தைத் தாண்டியிருக்கும்.

சிலாப் உடைந்த நாளிலிருந்து அக்கா ஊருக்குப் பின்பக்கமாக ஏரிக்கரை மண் ரோட்டில் சுற்றி, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ரோட்டில் ஏறி, கண்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் ஓரமாகத் திரும்பி வரவேண்டும். மூன்று ஷிப்ட் ஓடுகிற ஊர் இது. ராத்திரி பத்து மணிக்கும் ரோடு தூங்காது.

2023 ஜூனில் நான் முதல் மனுவை எழுதியபோது ஒரு வாரத்தில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். நவம்பர் மழையில் ஏரிக்கரை ரோடு சேறானது. அக்கா வண்டியோடு சரிந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம் மிஷின் ஓடவில்லை. தீபாவளித் துணியெல்லாம் வேறு கடைக்குப் போயிற்று.

பார்க்கப் போனேன். "வலி எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"வலி கெடக்கட்டும்ணா. ரெண்டு கால் இல்லாம நாப்பது வருஷம் ஓட்டிட்டேன். கை இல்லாம ஒரு நாள் ஓடலை பாருங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

அதன் பிறகுதான் மனு எழுதுவதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

* * *

எங்கள் பக்கத்தின் சங்கடம் ஒன்றை வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். 1991 மே 21-க்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் என்றால் வைணவர்களுக்குத் தெரியும், பஸ் கண்டக்டர்களுக்குத் தெரியும். அன்றைய இரவு உலகத்துக்கே தெரிந்துபோனது. அடுத்த சில வருஷங்களில் வேறு காரணத்துக்காகத் தெரிய ஆரம்பித்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது (2014-ல் மூடியும் போனது). ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான், 2012-ல் டைம்லர், அதையடுத்து ராயல் என்ஃபீல்டு. வேர்க்கடலை போட்ட நிலத்தில் கார் முளைத்தது. மாநில நெடுஞ்சாலை ஆறு வழியானது.

கம்பெனி வளர்ந்த வேகத்தில் ஊராட்சி வளரவில்லை. ஒரு உதாரணம் பாருங்கள். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சுமார் 706 கோடி ரூபாய்ச் செலவு, 18,720 பேர் தங்கலாம். ஒரே வளாகத்தில் ஒரு டவுன்! ஸ்ரீபெரும்புதூர்கூடப் பேரூராட்சியாகவே இருந்து சமீபத்தில்தான் நகராட்சி ஆனது. சுற்றியுள்ள எங்கள் மாதிரி ஊர்களில் இன்னமும் கிராம ஊராட்சிதான். ஒரு தலைவர், ஒரு செயலர், ஒரு பீரோ.

ரோட்டில் பத்தடி நடந்தால் நாலு ராஜ்ஜியம் தாண்டலாம். பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை. தொழிற்பேட்டைக்குள் போகிற ரோடு, விளக்கு, தண்ணீர் எல்லாம் சிப்காட். தெரு ஊராட்சி. ஏரியும் வரத்துக் கால்வாயும் பல இடங்களில் நீர்வளத் துறை. லைட் கம்பம் மின்வாரியம். எங்கள் பள்ளம் இருப்பதோ ரோடு முடிந்து தெரு ஆரம்பிக்காத இடத்தில். ஆகையால் நான் போட்ட மனுவுக்கு ஒவ்வொருவரும் 'எங்கள் எல்லையில் வராது' என்று எழுதினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம். அவரவர் வரைபடத்தில் அவரவர் கோடு பள்ளத்துக்கு ஒரு அடி முன்னாலேயே நின்றுவிடுகிறது.

கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு அரசாங்கத் தமிழ் நன்றாக வந்துவிட்டது. 'ஆவன செய்யப்படும்' என்றால் கோப்பு இன்னும் திறக்கப்படவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்றால் திறந்து பார்த்து மூடிவிட்டார்கள். 'நிதி நிலைமைக்கேற்ப' என்றால் உங்கள் பேரன் எழுதிக் கேட்கலாம். 'களஆய்வு செய்யப்பட்டது' என்று ஒரு தடவை வந்தது. நான் தினமும் அங்கேதான் டீ குடிக்கிறேன், எந்தக் களத்தை ஆய்வு செய்தார்களோ!

நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் முதல் மனு நாலு பக்கம். 'மேதகு', 'மாண்புமிகு', 'தங்கள் பொற்பாதங்களில்' என்றெல்லாம் எழுதி, இரண்டாம் பக்கத்தில்தான் பள்ளம் வரும். அதைப் படித்துவிட்டு அக்கா கேட்டார்: "ஏண்ணா, பள்ளம் எங்கே இருக்குன்னு இதுல எங்கயுமே இல்லியே?"

தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். உணர்ச்சி இருந்தது, சர்வே நம்பர் இல்லை.

* * *

சர்வே நம்பர் கண்டுபிடிப்பது இப்போது சிரமமில்லை. தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் நில அளவை வரைபடமும் அ-பதிவேடு விவரமும் எவரும் பார்க்கலாம். பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் சாலையா, ஓடையா, வண்டிப்பாதையா என்பது அதில் இருக்கும். அக்காவின் அண்ணன் மகன், பாலிடெக்னிக் படிக்கிறவன், போனில் அரைமணி நேரம் தட்டி, "சித்தப்பா, நம்ம கால்வாய் வண்டிப்பாதைல இருக்கு" என்றான். (என்னை ஏன் சித்தப்பா என்கிறான் என்று இன்றுவரை தெரியாது. சொத்தில் பங்கு கேட்காதவரை சரி.)

அடுத்த ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நாட்டிலேயே முதலில் இப்படியொரு சட்டம் போட்டது தமிழ்நாடு, 1997-ல். மத்தியச் சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. இதெல்லாம் பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 6(3) பிரிவு. கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், விண்ணப்பம் வாங்கிய அலுவலகமே ஐந்து நாளுக்குள் அதை அங்கே அனுப்பி, நமக்கும் தெரிவிக்க வேண்டும். 'எங்களுடையது இல்லை' என்று சொல்லித் திருப்பித் தர முடியாது. என் மனு ஏழு மாதம் நடந்த நடையை இந்தச் சட்டம் ஐந்து நாளில் நடக்கச் சொல்கிறது!

கேட்கிற விதமும் இருக்கிறது. 'ஏன் சரி செய்யவில்லை?' என்று கேட்டால் அது தகவல் இல்லை, வம்பு. பதில் வராது. 'என் மனுவின் மேல் நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை என்ன? எந்தெந்தப் பதவியில் உள்ளவரிடம் எத்தனை நாள் இருந்தது? மேற்படி சர்வே நம்பரில் உள்ள வடிகாலைப் பராமரிக்கும் பொறுப்பைக் காட்டும் ஆவணத்தின் நகல் தருக' என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்வியையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். பொற்பாதங்களை விட்டுவிட்டேன்.

முப்பத்திரண்டாம் நாள் பதில் வந்தது. நகல் ஒன்று. பல வருஷத்துக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்தியபோது கால்வாயைக் கட்டியது ஒரு அலுவலகம். 'இனி பராமரிப்பு உங்களுடையது' என்று இன்னொரு அலுவலகத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அந்த இன்னொரு அலுவலகம் 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் போடவே இல்லை. கொடுத்தவர் கொடுத்துவிட்டார், வாங்கியவர் வாங்கவில்லை. பள்ளம் நடுவில் கிடக்கிறது, வரதட்சணைத் தகராறில் பிறந்தகமும் புகுந்தகமும் சேர்க்காத பெண் மாதிரி.

அக்கா அந்த நகலை லேமினேட் செய்து கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

* * *

இதற்கிடையே அக்கா தன் பங்குக்குச் சட்டம் படிக்க ஆரம்பித்திருந்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பொதுமக்கள் வருகிற பழைய கட்டடங்களை எல்லாம், விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் எல்லோரும் நுழையும்படி மாற்றவேண்டும் என்கிறது 45-வது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன். ஐந்து வருஷம் எப்போது முடிந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பொதுக் கட்டடம். முன்பக்கம் ஒன்றரை அடி உயரப் படி. அதற்கு ஒரு சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். நீளம் மூன்றடி. அக்கா டேப்பால் அளந்தார். தையற்காரர் கையில் டேப் இருந்தால் எதையும் விடமாட்டார். "ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும்ணா. ஒன்றரைக்குப் பதினெட்டு. இது சாய்தளம் இல்ல, சறுக்குமரம். ஏறினா மல்லாக்க விழுவேன். எறங்கினா நேரா ரோட்டுக்குப் போயிடுவேன்." அதன் உச்சியில் ஒரு இரும்புக் கதவு. பூட்டு. சாவி யாரிடம் என்று விசாரித்ததில், சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

இந்த மாதிரிச் சறுக்குமரங்கள் நாடு முழுக்க இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் விரிவான உத்தரவு வந்தது. அப்புறமும் வேலை நடக்கவில்லை. 2024 நவம்பர் 8-ம் தேதி மறுபடி தீர்ப்பு. விதிகளில் இருப்பவை வெறும் 'வழிகாட்டுதல்'களாக இருக்கின்றன, செய்தால் செய்யலாம், விட்டால் விடலாம் என்ற நிலை; சட்டம் கேட்பது கட்டாயத் தரத்தை. ஆகவே 15(1) விதி செல்லாது, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளைக் கொண்டு வாருங்கள் என்றது நீதிமன்றம். பத்தொன்பது வருஷ வழக்கு. அதைப் படித்ததும் என் ஏழு மாத மனு மேல் எனக்கு லேசாக மரியாதை குறைந்தது.

நல்லதும் நடக்காமல் இல்லை. சென்னை மெரினாவில் வருஷம் ஒரு தரம், டிசம்பர் 3-ம் தேதியை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் சக்கர நாற்காலி போகத் தற்காலிகப் பாதை போடுவார்கள். 'கடல் வருஷம் பூராவும் இருக்கிறதே, பாதை மட்டும் ஏன் நாலு நாள்?' என்று மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 நவம்பர் 27-ல் 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைப் பெயர்த்தது. மறுபடி சரி செய்தார்கள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "உப்பாதான் இருந்துச்சு" என்றார். நாற்பத்திச் சொச்சம் வயதில் முதல் தடவையாகக் கடலில் கை நனைத்திருக்கிறார். ருசியும் பார்த்திருக்கிறார்!

* * *

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். 2024 அக்டோபர் 2-ம் தேதி கூட்டத்துக்கு அக்கா வந்தார். கூட்டம் நடந்த கூடத்துக்கு மூன்று படி. சாய்தளம் இல்லை. நாலு பேர் தூக்கிவிட வந்தார்கள்.

"தூக்க வேணாம். நான் இங்கேயே இருக்கேன். கூட்டம் வெளியே வரட்டும்" என்றார், வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தியபடி.

கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு கம்பெனிக்குப் போகிற பெண்கள் பத்துப் பேர் எழுந்து வந்து அக்காவைச் சுற்றி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அக்கா தைத்த சுடிதார்கள்தான் எல்லாம். அப்புறம் கிழவிகள். கடைசியில் மைக்கும் வந்தது.

தலைவர் நல்லவர். "அம்மா, உங்களைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"கஷ்டப்படாதீங்க தலைவரே. எனக்கு இரக்கம் வேணாம். பள்ளத்துக்கு ஒரு மூடி, படிக்குப் பன்னெண்டுக்கு ஒண்ணு கணக்குல சாய்தளம். தீர்மானப் புத்தகத்துல எழுதிப் படிச்சுக் காட்டுங்க, நான் போயிடறேன்."

எழுதினார்கள். படித்துக் காட்டினார்கள். அக்கா ஒரு திருத்தம் சொன்னார்: தீர்மானத்தில் 'ஊனமுற்ற' என்று இருந்தது. "அந்த வார்த்தையை கவர்மென்ட்டே 2010-ல மாத்திடுச்சு" என்றார். அடித்துவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்று எழுதினார்கள். லேமினேட் செய்த நகலையும் தீர்மானத்தோடு சேர்த்து, சம்பந்தப்பட்ட இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் அனுப்பினோம். இந்தத் தடவை மனு ஒன்றேகால் பக்கம். சர்வே நம்பர் முதல் வரியில்.

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டீக்கடைக்குப் போனால் பள்ளத்தைக் காணோம். புது சிலாப்! ராத்திரியோடு ராத்திரியாக யார் வந்து போட்டார்கள் என்று டீக்கடைக்காரருக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் கொசுகூடக் கடிக்காது.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. பதினைந்து நாளைக்குள் மூன்று கடிதம் வந்தது, மூன்று அலுவலகத்திலிருந்து. 'தங்கள் கோரிக்கை இவ்வலுவலகத்தால் நிறைவேற்றப்பட்டது.' பள்ளமாக இருந்தவரை அது அநாதை. சிலாப் விழுந்ததும் மூன்று அப்பாக்கள்!

மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அக்கா படித்தார். டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். சிலாப் மேல் ஏறவில்லை. பக்கத்தில் நிறுத்தி என்னிடம் டேப்பைக் கொடுத்தார். "பிடிங்கண்ணா அந்தப் பக்கம்."

அகலம் இரண்டரை அடி. சைடு வீலோடு சேர்த்து வண்டிக்கு மூன்றரை அடி வேண்டும். தெருப் பக்கம் நாலு அங்குலம் தூக்கிக்கொண்டு வேறு நின்றது.

"சரி, நாலு அங்குலத்துக்கு எத்தனை?" என்றேன்.

"நாப்பத்தெட்டு அங்குலம். நாலடி" என்றார், யோசிக்காமல்.

கம்பெனிப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கொத்தனாரை வைத்துச் சரிவைப் பூசிக் கொடுக்கிறோம் என்று வந்தார்கள். அக்கா மறுத்துவிட்டார். "இன்னைக்கு நீங்க பூசினா, நாளைக்கு உடைஞ்சா யாரு பூசுவா? மூணு பேர் கையெழுத்துப் போட்டு 'நாங்கதான் செஞ்சோம்'னு எழுதிக் குடுத்திருக்காங்க. இனிமே இது யாருதுன்னு யாரும் கேக்க முடியாது பாரு."

அந்த மூன்று கடிதங்களையும் லேமினேட் செய்தாயிற்று. சாமி படத்துக்கு இப்போது சுவரில் இடம் இல்லை.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. உள்ளாட்சி மன்றங்கள் ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளி ஒருவராவது நியமன உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது அது. அக்கா விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறார். தலைவர் அந்தச் சேதி கேட்டதும் கூடத்துக்குச் சாய்தளம் கட்ட எஸ்டிமேட் போடச் சொல்லிவிட்டார் என்று டீக்கடையில் பேச்சு.

சிலாப் அகலத்துக்குப் புது மனு போன வாரம் தயாரானது. பொருள்: ஒரு வரி. பார்வை: ஒன்று முதல் பதினொன்று வரை. இந்தத் தடவை எழுதியது அக்கா, நான் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தேன். பழைய பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டதால், மூன்று கவரும் ஸ்பீட் போஸ்ட்.

தபால்காரர் கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யக்கா, இது எத்தினி மாசம் ஓடும்?"

"நீ ஓட்டு, நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா, ஊசியில் நூலைக் கோர்த்தபடி.